பழைய அம்பாசடருக்கு ரேடியேட்டர் தேடுகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய ரேடியேட்டர் இன்னும் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. அலுமினியம், பளபளவென்று இருக்கும். "அம்பாசடருக்கு அப்படியே உட்காரும் சார்" என்று கடையில் சொன்னார்கள். நானும் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி, காசைக் கொடுத்து, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் கீழ் ஹோஸ் வாய் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஃபேன் இலைக்கும் கோருக்கும் (குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி) நடுவில் விரல் நுழையவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். இதைவிட வேடிக்கை, அந்தக் கோடையில் வண்டி கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டரே இல்லை. கீழ் ஹோஸ் பழசாகி, வேகமெடுக்கும்போது பம்பின் உறிஞ்சலில் சப்பிப்போய்த் தண்ணீர் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் ரேடியேட்டர் உண்மையிலேயே அடைத்தது. அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தேன்.

என்னுடையது 1984 மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். பத்மினி, ஹெரால்டு போன்ற மற்ற பழைய கார்கள் வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் மாறும், அணுகுமுறை மாறாது.

ரேடியேட்டர்தான் குற்றவாளியா?

வண்டி எப்போது சூடாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டின் சூட்டு முள் ஏறி, சாலையில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், குறை காற்றில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேன் இலை ஒன்று உடைந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய தகட்டுக் கூடு காணாமல் போயிருக்கலாம். நின்றால் சும்மா இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் அல்லது மலை ஏறும்போது சூடானால், குறை தண்ணீர் ஓட்டத்தில். அடைத்த ரேடியேட்டர் இந்த வகை. சப்பிப்போகும் கீழ் ஹோஸும் இதே வகைதான், அதனால்தான் நான் ஏமாந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லி, கீழ் ஹோஸைக் கண்ணால் பாருங்கள். ஒட்டிப்போனால் ஹோஸை மாற்றுங்கள், செலவு அதோடு முடியலாம்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போய், மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு, திறக்கவில்லை. எப்போதும் பரவலாகச் சூடு, கூடவே இழுவையும் குறைவு என்றால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். பொறி தாமதமாக விழும் எஞ்சின் தன் சூட்டை வேலையாக மாற்றாமல் தண்ணீருக்குள் தள்ளும்.

இன்னொன்று ஹெட் கேஸ்கெட், எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீர்க்குமிழி ஓரிரண்டு வந்து நின்றால் பரவாயில்லை. சோடா போல விடாமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் காப்பி நிறத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அது கொதிக்கத்தான் செய்யும்.

வெயிலில் வண்டி நின்றுபோவதெல்லாம் ரேடியேட்டர் குறையும் அல்ல. எஞ்சினை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் பிடிக்க மறுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகப் பிடிக்கிறதா? அது பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டிய அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்களின் வைத்தியம் இதற்குத்தான்.

டேஷ்போர்டு முள்ளை நம்பி முடிவெடுக்காதீர்கள், நாற்பது வயது முள் அது. கையில் பிடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் உட்காரும் உலோகக் கூட்டின் மேல் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கோர் முழுக்க மெல்ல ஓட்டுங்கள். மேலிருந்து கீழாகச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. என் ரேடியேட்டரில் வலது ஓரம் முழுக்க அப்படி இருந்தது.

கடைசிச் சோதனை கழற்றிய பிறகு. கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையை எடுங்கள். குடத்தைக் கவிழ்த்ததுபோலக் கொட்ட வேண்டும். கொட்டாமல் ஒழுகினால் அடைப்பு. குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய ஃபின் தகடுகளை விரலால் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், உள்ளே ஓட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கோருக்கு ஆயுள் முடிந்தது. குழாய் சேரும் இடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

அடைப்புக்கு யார் காரணம் என்று கேட்டால், பெரும்பாலும் நாமேதான். போர்வெல் உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். கசிவை நிறுத்த மஞ்சள் தூள் போடும் பழக்கம் இன்னொரு பக்கம். மஞ்சள் வேலை செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. நடுவழியில் ஊர் போய்ச் சேர உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. என் ரேடியேட்டரின் மேல் டாங்கைத் திறந்தபோது முந்தைய உரிமையாளர் எத்தனை முறை மஞ்சள் போட்டார் என்று வாசனையிலேயே ஊகிக்க முடிந்தது.

பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

அம்பாசடர் 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையிலிருந்து வந்தது. வெளியுருவம் ஏறத்தாழ அப்படியே இருக்க, உள்ளே பக்கவால்வு எஞ்சின், 1489 பெட்ரோல், டீசல், பிறகு இசுசு 1800 என்று மாறிக்கொண்டே இருந்தது. போதாததற்கு நம் ஊர்ப் பட்டறைகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மெட்டடார் டீசலை ஏற்றிய வண்டிகள் ஏராளம். எஞ்சின் மாறினால் ஹோஸ் வாய் மாறும், ஃபேன் நிற்கும் தூரமும் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதை வைத்து ரேடியேட்டர் வாங்குவது, பிறந்த தேதியைச் சொல்லிச் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

பழையதைக் கழற்றித் தரையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். டாங்குகளை விட்டுவிட்டு, கோரின் உயரம், அகலம், கனம். மேல் வாயும் கீழ் வாயும் எந்தப் பக்கம், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், வெளி விட்டம் எவ்வளவு. போல்ட் துளைகளின் இடைவெளி. வடிகால் குழாய் எங்கே. இவ்வளவும் ஒரு தாளில் படமாக இருக்கட்டும், கைபேசியில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அளவுகளை எல்லாரும் மறப்பார்கள். ஒன்று, கழற்றுவதற்கு முன் எடுக்க வேண்டியது: ஃபேன் இலையின் முன்விளிம்புக்கும் கோருக்கும் உள்ள இடைவெளி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதால் ஒரு அங்குலமாவது இருந்தால் நிம்மதி. கனமான கோர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆசைப்படுங்கள்.

இன்னொன்று மூடி உட்காரும் கழுத்தின் ஆழம். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று இரண்டு ஆழம் புழங்கின. ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் திருகிப் பூட்டும், ஆனால் கீழே ரப்பர் தொடாது. அழுத்தமே நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

மூன்று வழிகள்

மலிவானது, டாங்கைத் திறந்து குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைத்து மூடுவது. பட்டறையில் ராடு விடுவது என்பார்கள். ஃபின்கள் உறுதியாக இருந்து, அடைப்பு மட்டும்தான் குறை என்றால் இதுவே போதும். குழாய்ச் சுவர் அரித்து மெலிந்திருந்தால் கம்பி அதைத் துளைத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, நாலு குழாய் போனது.

இரண்டாவது, பழைய மேல் டாங்கையும் கீழ் டாங்கையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடுவது. கேட்டால் நான் சொல்வது இதைத்தான். டாங்குகள் உங்கள் வண்டியுடையவை என்பதால் ஹோஸ் வாய், மூடிக் கழுத்து, பிராக்கெட் எதுவும் மாறாது, பரணுக்குப் போக வேலையில்லை. போனட்டைத் திறந்தால் வண்டி வண்டியாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பித்தளைக் குழாயும் தாமிர ஃபின்னும் ஈயத்தால் ஒட்டியிருக்கும் இந்தச் சாமானை வழியில் எந்தச் சின்ன ஊரிலும் சரிசெய்ய ஆள் கிடைப்பார்கள். நாமக்கல், சங்ககிரி போல லாரி ஓடும் ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, முழுதாகப் புதியது. அதில் பித்தளையா, அலுமினியமா என்ற சண்டை ஓயாது. தாமிரம் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை. அதை மட்டும் சொல்லிப் பித்தளை ரேடியேட்டர்தான் உசத்தி என்பது அரை உண்மை. வெப்பம் பித்தளைக் குழாயையும் ஈயத்தையும் கடந்துதான் தாமிர ஃபின்னுக்கு வர வேண்டும், அவை இரண்டும் அவ்வளவு நன்றாகக் கடத்துவதில்லை. அலுமினியத்தில் ஈயமே கிடையாது. உலோகம் உறுதி, எடை தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் பித்தளைக் குழாய் வழக்கமாக அரை அங்குல அகலம் என்றால், அலுமினியத்தில் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ வைக்க முடிகிறது. நன்றாகச் செய்த, இரண்டு வரிசைக் குழாய் உள்ள அலுமினியக் கோர் நாலு வரிசைப் பித்தளைக்கு ஈடு கொடுப்பது இதனால்தான்.

அப்படியானால் ஏன் நான் அலுமினியம் பக்கம் போகவில்லை? கசிந்தால் ஈயம் பிடிக்காது, ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். மலிவான சரக்கில் பற்றவைத்த இடங்கள் அதிர்வில் விரிசல் விடும். மூன்றாவது காரணம் நம் பழைய வண்டிகளின் வயரிங். எர்த் சரியில்லாத வண்டியில் மின்சாரம் தண்ணீர் வழியே பாதை தேடும், அலுமினியத்தை அரித்துப் பொத்தலாக்கும். இதைச் சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், இன்னொன்று ரேடியேட்டர் உலோகத்தைத் தொடாமல் தண்ணீருக்குள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் வயர்களைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் அலுமினியம்தான் வேண்டுமென்றால், ரப்பர் வாஷர் வைத்து உடலோடு நேரடித் தொடர்பில்லாமல் மாட்டுங்கள்.

பட்டறையில்

எங்கள் ஊர்ப் பட்டறை பாய் என்னிடம் முதலில் கேட்டது, "தம்பி, வண்டி மலைக்குப் போகுமா, ஊருக்குள்ளயே ஓடுமா?" ஏற்காட்டின் இருபது வளைவுகளை ஏறும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை கோவில் போய்வரும் வண்டிக்கும் ஒரே கோர் தேவையில்லை. நான் நாலு வரிசை போடச் சொன்னேன். "பின்வரிசைக்கு வர்ற காத்து முன்வரிசையிலேயே சூடாகித்தான் வரும், அதுல என்ன ஆறும்? மூணு போதும். அந்தக் காசுக்கு ஃபேன் கூடு அடிச்சுப் போடுங்க" என்றார். கனமான கோர் காற்றையும் தடுக்கும். ஃபேனின் பலம் பழையபடியே இருக்கையில் வரிசையைக் கூட்டினால், நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் நிலைமை மோசமாகவும் ஆகலாம். அவர் சொன்னபடியே செய்தேன். தகட்டில் அடித்த அந்தக் கூடு ரேடியேட்டருக்குச் சமமாக வேலை செய்கிறது.

கோர் போடக் கொடுக்கும்போது சில காரியங்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வரிசை, குழாய் அகலம் என்ன, ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஃபின். பத்து முதல் பதினான்குக்குள் இருந்தால் நல்லது. நெருக்கம் கூடினால் தூசியும் பூச்சியும் அடைக்கும். டாங்குகளில் உள்பக்கமாகச் சின்னப் பஞ்ச் அடையாளம் போட்டுவிட்டுக் கொடுங்கள். பழைய டாங்கின் பித்தளை கனமாக இருக்கும், பித்தளைக்கு விலை உண்டு, பல ரேடியேட்டர் கிடக்கும் இடத்தில் மாறிப்போவதும் உண்டு. கழித்த கோரின் தாமிரத்துக்கும் விலை இருக்கிறது. கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேசலாம், வெட்கப்பட வேண்டாம்.

முடிந்ததும் உங்கள் கண் முன்னால் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்று விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே வரை போதும். ஆர்வக் கோளாறில் அதிகம் ஏற்றினால் நல்ல ஒட்டும் பிரியும். பெயின்ட் அடிப்பதானால் மெல்லிய கறுப்பு, ஒரே பூச்சு. கெட்டியாக அடித்தால் ஃபின்களுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகும்.

எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டி என்றால் போடலாம். அதற்கு முந்தைய காலத்து டைனமோ உள்ள வண்டியில் யோசியுங்கள். பழைய லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். ராத்திரி ஹெட்லைட்டும் போட்டு, பெரிய ஃபேனும் ஓடினால் பேட்டரிதான் பலி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைத்த (பாசிட்டிவ் எர்த்) வண்டி என்றால், ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மாட்டுவதற்கு முன் பாருங்கள்.

மாட்டுவதற்கு முன்

புதுக் கோரை மாட்ட அவசரப்பட வேண்டாம். எஞ்சின் பிளாக்குக்குள் நாற்பது வருடத் துருச் சேறு இருக்கிறது. கழுவாமல் மாட்டினால் அது வந்து சேரும் இடம் உங்கள் புதுக் கோர். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயைத் திறங்கள். தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள், பெரும்பாலும் குத்தத்தான் வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து குழாய் வைத்துத் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகள் துருப்பிடித்திருந்தால் இதுதான் மாற்றும் நேரம். பிறகும் சந்தேகம் இருந்தால், பழைய நைலான் காலுறையை மேல் ஹோஸுக்குள் சொருகி, ரேடியேட்டர் வாயோடு சேர்த்து கிளிப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்து எடுத்துப் பார்த்தால் எவ்வளவு துரு பிடிபட்டது என்று தெரியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெயில் சேறு கட்டும். 82 டிகிரியில் திறப்பது நம் வெயிலுக்குப் போதுமானது. மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பாருங்கள், திறப்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டில் திட்டு வாங்காத பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியைப் புதிதாகவே போடுங்கள், எஞ்சினுக்கு உரிய அழுத்தத்தில். 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) மூடி இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது, 15 பி.எஸ்.ஐ.யில் 121 வரை. அப்படியானால் 15 போடலாமே என்று தோன்றும். பழைய ஈய ஒட்டும், ஹீட்டர் குழாயும், பம்ப் சீலும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. மூடி செத்துப்போன வண்டிக்கு மலைமேல் நிலைமை இன்னும் மோசம். ஊட்டி உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும்.

ஊற்றுவதும் ஓட்டுவதும்

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். நமக்குப் பனிக்கட்டிப் பயம் இல்லை, கூலன்ட் துருவைத் தடுக்கத்தான். புது வண்டிகளுக்கான கூலன்ட்டுகளில் சில ஈய ஒட்டுக்கு ஆகாது. டப்பாவில் பித்தளை, தாமிர ரேடியேட்டருக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பச்சை என்பது வெறும் சாயம். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். கீழே சிந்தியதை நாயோ பூனையோ நக்குவதற்கு முன் கழுவிவிடுங்கள்.

வண்டியின் மூக்கைக் கொஞ்சம் மேடாக நிறுத்தி, மூடி திறந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம். வழியும் தண்ணீரைப் பிடிக்கத் தனி டப்பா இல்லாத பழைய அமைப்பில் சூட்டில் விரியும் தண்ணீருக்கு மேல் டாங்கில் இடம் வேண்டும். குழாய்கள் மூழ்கியிருந்தால் போதும். தினமும் விளிம்புவரை ஊற்றி, தினமும் அது வெளியே தள்ளிய தண்ணீரைப் பார்த்து "குடிக்குது" என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். அவசரம் என்றாலும் அரை மணி நேரம் விட்டு, கெட்டித் துணி போட்டு, முதல் பிடிப்பு வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு மிச்சத்தைத் திருப்புங்கள்.

முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை முறுக்கிவிடுங்கள், புது ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கும். மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் தரையில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கழற்றிய பழைய கீழ் ஹோஸ் வெடிக்காமல் இருந்தால் டிக்கியில் போட்டுவையுங்கள், கூடவே இரண்டு கிளிப்பும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும்.